வால்நட்சத்திரத்தின் நெற்றி

இந்தப் புகை மட்டும் கொஞ்சம் நின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இஜ்ஜாவின் மனம் மன்றாடிக்கொண்டிருந்தது. வாய் திறந்து சொல்ல முடியவில்லை. மொட்டைமாடியின் மறுகோடியில் தணல் சட்டியோடு நின்றவள் அவளுடைய அத்தை தூதா. கண்ணேறு கழிக்கப் போடும் ஹர்மல் விதைகள் தணலில் படபடவென்று வெடித்தன. புகை குழந்தைக்கோ கன்றுக்குட்டிக்கோ அல்ல. டிரா பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புக்கு மேலே, சூரியன் இறங்கிய திசையில், வாலை நிமிர்த்தி நின்ற வால்நட்சத்திரத்துக்கு.

சில நாட்களாக ஊரே அதை அண்ணாந்து பார்த்து, "என்ன அழகு" என்றது. கண் படாதிருக்க ஒருவர்கூட "மாஷா அல்லா" சேர்க்கவில்லை. பிறகு அது மங்கத் தொடங்கியது. சூரியனை விட்டு விலகிப் போகிறது, மங்கத்தான் செய்யும் என்று இஜ்ஜா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கண்ணேறு பட்டுவிட்டதாம். அதிலும் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணாடிக் கண்ணால் இமைக்காமல் முறைத்தவள் இவள்தானே.

காற்று திசை மாறியது. புகை விலகிய இடைவெளியில் பொத்தானை அழுத்தி, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

திரையில் வந்தது. தலை துலக்கமாக, வால் நூலிழை பிசகாமல். அவள் ஆயுளில் திரும்பி வராத ஒன்று, பழுதில்லாமல் அவள் கையில். சின்ன வயதிலிருந்தே அவளிடம் எது நன்றாக இருந்தாலும் யாராவது அதில் கரி தடவியிருக்கிறார்கள், அவள் கன்னம் உட்பட. எல்லாம் அன்பினால்தான்.

ஊர்த்தலைவரான அண்ணன் பாஸு எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா இருக்கக் கூடாதும்மா. நாலு ஊரு பாக்கப் போற படம். தோப்புல பழம் வேற பழுத்து நிக்குது, கண்ணு அதுமேலயும் விழும். ஒரு கரும்புள்ளி வச்சிரு, நெத்தியில."

"அதுக்கு நெத்தி எங்கண்ணா இருக்கு?"

பாஸு யோசித்தார். "தலைன்னு ஒண்ணு இருந்தா நெத்தியும் இருக்கும்ல."

"முன்னால போறது எதுன்னு கேளு, அதுதான் தலை," என்றாள் அத்தை.

"இப்ப சூரியன விட்டு விலகுதுல்ல, வால்தான் அத்தை முன்னால போகுது."

"பாத்தியா பாஸு? கண்ணு பட்டுத்தான் பின்னால நடக்குது."

அத்தை சட்டியின் அடியில் விரலைத் தேய்த்துக் கரியோடு வந்தாள். "உனக்கு மனசு வரலேன்னா கேமராவ இப்படிக் குடு. நான் வைக்கறேன்."

இருவர் முகத்திலும் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அதுதான் இஜ்ஜாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கேமராவை முக்காலியிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை," என்றாள். "இது இப்படியே இருக்கட்டும்."