காகம் என்று எழுதலாமா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மலாக்காவில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜானகி மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. அவள் அப்பா ரங்கசாமியின் கருமாதியன்று, கிளேபாங் கடற்கரையில், பிண்டத்தை ஏதோ ஒரு பறவை எடுத்ததாம். காகமில்லை. "வாத்து சைஸ் இருக்கும்லா," என்றாள். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'கடலும் அன்று துக்கத்தில்' – வேண்டாம். கடலுக்கு ரங்கசாமியைத் தெரியாது.

இரண்டாவது: 'இந்திராதேவியின் பெட்டி ஏற்கெனவே காரில் ஏறியிருந்தது.' இது நிற்கட்டும்.

இந்திராதேவி ஜானகியின் அம்மா. கணவர் போனபின் கிளேபாங் வீட்டில் அவர் மட்டும்தான். மகன் தனேஷ், கருமாதி முடிந்த கையோடு அவரை ஆயர் குரோவிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போக முடிவு செய்திருந்தான். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

(முதலில் தனேஷை அதிகாரம் செய்பவனாக எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் ஜானகிக்குக் கோபம். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டதெல்லாம் அவன்தானாம். அம்மா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கியவனும் அவனே. அந்த வரிகளை அடித்துவிட்டேன். இப்போது அவன் பயந்துபோன மகன்.)

3

வாழையிலையில் பிண்டம் வைத்தார்கள். காகங்கள் சவுக்கு மரத்தில் உட்கார்ந்து பார்த்தன. இறங்கவில்லை. சடங்கு செய்துவைத்த பண்டாரம், போனவருக்கு மனசில் ஏதோ குறை இருக்கிறது, வேண்டிக்கொள்ளுங்கள் என்றார்.

தனேஷ் கைகூப்பினான். "அம்மாவ நான் பத்தரமா பாத்துக்கிறேன்பா. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்."

காகங்கள் அசையவில்லை.

பிறகு கடல் பக்கமிருந்து அது வந்து இறங்கியது. வெள்ளை நெஞ்சு, கருஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் கால். காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுகொண்டு, தடித்த அலகால் உருண்டைகளை அப்படியே விழுங்கியது. ஒரு காகம் துணிந்து கீழே வந்தது. இது கழுத்தை நீட்டிக் கத்தியதும் மரத்துக்கே திரும்பிவிட்டது.

காரை நோக்கி நடக்கும்போது இந்திராதேவி சொன்னார்: "நான் நம்ம வீட்டுலயே இருக்கேங்கன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். சொன்னப்புறந்தான் அது வந்துச்சு."

4

(இங்கே கதையை நிறுத்திவிட்டு நான் பறவையைத் தேடிப் போனேன். வடதுருவத்தை ஒட்டிய கரைகளில் கூடு கட்டும் இனமாக இருக்கலாம். குளிருக்குத் தெற்கே வரும். எங்கள் நீரிணைப் பக்கம் அபூர்வம். கடல்நீரையே குடிக்கும், மிஞ்சிய உப்பு மூக்கு வழியே சொட்டும். கீழலகில் ஒரு சிவப்புப் பொட்டு; குஞ்சு அதைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். தமிழில் சிலர் கடற்புறா என்கிறார்கள், சிலர் கடற்காகம். இரண்டாவது பெயர் எனக்கு வசதி. வசதிக்காக ஒரு பெயரை எடுத்துக்கொள்வது நியாயமா, தெரியவில்லை. பண்டாரம் பெயரெல்லாம் கேட்கவில்லையாம். எடுத்தது எடுத்ததுதான் என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களை அலசப் போய்விட்டார்.)

5

ஒரு முடிவு: பறவைக்குப் பசி, அவ்வளவுதான் என்று சொல்லி தனேஷ் அம்மாவை ஆயர் குரோவுக்கு அழைத்துப்போகிறான்.

இன்னொன்று: அவன் அம்மாவின் காலில் விழுந்து –

இல்லை. நடந்தது வேறு. தனேஷ் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"நீ பேசுனது எனக்குக் கேக்கலம்மா," என்றான். காற்று அப்படி. ஜானகிக்கும் கேட்கவில்லை.

அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவன் காரைக் கிளேபாங் வீட்டுக்கு விட்டான், பெட்டியை இறக்கி அவர் அறையில் வைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் மெஷினோடு வந்து குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தினான். ஒன்று கோணல்.

6

'நம்ம வீட்டுலயே இருக்கேங்க' என்று ஜானகியின் அம்மா சொன்ன அந்த வரியைக் கதையில் எங்கே வைப்பது? அது தெரியாததால், போன வாரம் நானே அவரைப் பார்க்கப் போனேன்.

"ஆண்ட்டி, உண்மையிலேயே அது வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களா?"

இந்திராதேவி எனக்குத் தேநீர் ஊற்றினார். "எழுதுறது நீதானே. எங்க வேணுமோ அங்க போட்டுக்கம்மா," என்றார்.

எனக்குத் துணிவில்லை. காகங்கள் அசையாமலிருந்ததற்கும் அந்தப் பறவை இறங்கியதற்கும் நடுவே ஒரு மூச்சளவு இடமிருக்கிறது. அவர் சொன்னதை அங்கே வைப்பதா, பறவை போனபிறகு வைப்பதா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எங்கே வைத்தாலும் சரி, அவர் கிளேபாங்கைவிட்டு வரமாட்டார்.