இடது கதவுப் பொட்டு

எங்கள் களத்து மேட்டில் நின்ற பெட்டி டிரெய்லரைக் கழுவும்போது எனக்கு முதலில் கிடைத்தது ஓணான் முட்டை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் சேர்ந்து, அதில் புல்லே முளைத்திருந்தது. இழுக்கும் லாரியை அப்பா விற்ற நாளிலிருந்து பின்னால் மாட்டும் இந்தப் பெட்டி மட்டும் வேப்பமரத்துக்கு அருகில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. வெள்ளைப் பெயின்ட் செத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டும். ஆணித் தலைகளிலிருந்து துரு கோடு கோடாக இறங்கியிருந்தது.

இதைத்தான் என் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்பது என்று அப்பா பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை அறிவழகனுக்கு மேச்சேரிப் பக்கம். அவரிடம் இழுக்கும் வண்டி இருக்கிறது, பெட்டி இல்லை. நிச்சயத்துக்கு முன்னால் அவர்கள் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"பழசுன்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வரக்கூடாது" என்றார் அப்பா.

சேலம் பைபாஸில் ஒரு கடையில் கார்களுக்குச் செராமிக் கோட்டிங் போடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சேம்பு இலையில் ஓடுகிற மாதிரி தண்ணீர் உருண்டு ஓடுமாம். வெயில் தின்னாதாம், துரு ஏறாதாம். பெட்டிக்குப் போட முடியுமா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ஏனுங்க, எருமைக்குச் செவப்பழகு கிரீம் போடறீங்களா?" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டில்களை வாங்கிக்கொண்டு, பாலிஷ் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாமே போடலாம் என்றார். நாமே என்றால் அவரும் நானும்.

"நீ பத்து பாஸு. பாட்டில்ல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு கண்ணு."

பதினொன்றாம் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனேன். அக்கா பிரவீனா கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வராமல், கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டு சேலத்தில் தங்கிவிட்ட வாரம் என்னை நிறுத்திவிட்டார்கள். பையன் எங்கள் ஆட்கள் இல்லை. அவள் படித்ததால் போனாள், அதனால் நான் படிக்கக் கூடாது. யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை என் யூனிஃபார்ம் அடுப்படியில் பிடிதுணியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

அக்கா இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலை ரோடு ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள். அம்மா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவளிடம் போனில் பேசும். தலைச்சன் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை ஒருநாள் அம்மா துணிந்து அப்பாவிடம் கேட்டும்விட்டது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மொதல்ல இவ கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. பின்னறையைக் கழுவிவிட்டது. பரணிலிருந்து தொட்டில் கம்பை இறக்கித் துடைத்தது. வளைகாப்புக்கென்று கண்ணாடி வளையல் வாங்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தது. என் கல்யாணத்தில் என்னைவிட அம்மாவுக்கே அவசரம் அதிகம். மாப்பிள்ளை வீட்டில் மட்டும், எங்களுக்கு ஒரே பெண் என்று அப்பா சொல்லியிருந்தார். தாலி ஏறிய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு.

கழுவிய பிறகு துருவைச் சுரண்டினோம். பிறகு அப்பா பேஸ்ட்டைத் தடவி மெஷினை ஓட்ட, செத்த பெயின்ட் பால் மாதிரிக் கரைந்து வழிந்தது. அதை நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். பின்பக்கம் இரண்டு கதவுகள். வலது கதவில் தாமரைப் பூவுக்கு நடுவில் 'தனப்பிரியா' என்று என் பெயர். நாமக்கல் பெயின்டர் எழுதியது. சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். பாலிஷ் போட்டதும் நேற்று எழுதியது போல வந்துவிட்டது.

இடது கதவில் அக்கா பெயர் இருந்தது. அவள் போன அன்றே அதன் மேல் அப்பா வெள்ளை அடித்துவிட்டார். மெஷின் அந்தக் கதவில் சுற்றச் சுற்ற, மேல் வெள்ளை தேய்ந்து அடியிலிருந்து சிவப்பு வர ஆரம்பித்தது. முதலில் 'னா' வந்தது. பிறகு 'வீ'.

அப்பா மெஷினை நிறுத்தினார்.

"அந்த உப்புத்தாளை எடு."

எடுத்துக் கொடுத்தேன். தகரம் தெரியும்வரை தேய்த்தார். கை ஓய்ந்தால் மறு கையில் தேய்த்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றது. சிவப்புத் தூள் அப்பாவின் முழங்கை வரை அப்பியிருந்தது. பிறகு அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்தார். அது பக்கத்து வெள்ளையைவிட வெள்ளையாக, துணிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி நின்றது.

பெயின்ட் காய்ந்ததும் கோட்டிங் போட்டோம். துணி சுற்றிய சிறு கட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, குறுக்கேயும் நெடுக்கேயும் இழுக்க வேண்டும். வானவில் மாதிரி நிறம் காட்டும்போது வேறு துணியால் மெல்லத் துடைத்துவிட வேண்டும். விட்டால் திட்டாக நிற்கும். அப்பா இழுத்தார், நான் பின்னாலேயே துடைத்தேன். முடிந்தபோது சாயங்காலம். பெட்டியில் எங்கள் வீடும் வேப்பமரமும் தெரிந்தன. சுற்றிச் சுற்றி வந்து பார்த்த அப்பா, வெகுகாலத்துக்குப் பிறகு சிரித்தார்.

பாட்டில் பெட்டிக்குள் இருந்த தாளை அப்போதே அவரிடம் படித்துச் சொன்னேன். நன்றாக இறுகும்வரை ஈரம் படக் கூடாது. எதையும் மேலே ஒட்டவோ தடவவோ கூடாது. பட்டால் அது உள்ளே இறங்கி அப்படியே நின்றுவிடும்.

மறுநாள் அமாவாசை. வண்டி வைத்திருக்கும் வீடுகளில் அமாவாசைக்குப் பூஜை போடாமல் இருக்க மாட்டார்கள்.

"அப்பா, அந்தத் தாள்ல..." என்றேன்.

"சந்தனமும் குங்குமமும் அழுக்கா? சாமி கும்பிடாத வண்டிய எவன் ஊட்டுக்கு அனுப்பறது? போ, எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வா."

எனக்கு இரண்டாம் தடவை சொல்லத் தெரியாது. எடுத்து வந்தேன்.

அப்பா முன்பக்கம் பூசணிக்காய் உடைக்க நின்றார். அம்மா மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணத்தோடு சக்கரம் சக்கரமாகப் பொட்டு வைத்துக்கொண்டே பின்னால் போனது. வண்டி ஓடிய காலத்தில் ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மா இதைத்தான் செய்யும். இடது கதவில் பெயருக்கு அடியில் ஒரு பொட்டு. "பெரியவளுக்கு." வலது கதவில் ஒன்று. "சின்னவளுக்கு." நானும் அக்காவும் பின்னால் நின்று, யார் பொட்டு பெரிது என்று சண்டை போடுவோம்.

அன்றும் கை அப்படியே போனது. வெறும் வெள்ளைக் கதவில், பெயர் இருந்த இடத்துக்குச் சரியாகக் கீழே, விரலகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு வலது கதவுக்கு நகர்ந்தது. வைத்து முடித்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. முந்தானையால் துடைக்கப் போய், பூஜைப் பொட்டை அழிப்பது ஆகாது என்று கையை இழுத்துக்கொண்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அப்பா பார்த்தார். ஈரத்துணி போட்டார், சோப்பு போட்டார், பெட்ரோல் போட்டார். மேலே இருந்த பொடி போனது. உள்ளே மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்பும் கண்ணாடிக்கு அடியில் வைத்த மாதிரி நின்றன. மெஷினைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

"இங்க எவளுக்குடி வெச்ச?"

"கை போயிருச்சுங்க" என்றது அம்மா.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சின்னுசாமி கலகலப்பானவர். சொம்புத் தண்ணீரைப் பெட்டி மேல் ஊற்றி, அது முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்துக் கை தட்டினார்.

"அட, நம்ம பையன் மூஞ்சியவிடப் பளபளன்னு இருக்குதுங்களே! டேய் அறிவு, உனக்கும் ஒரு பாட்டில் போட்டுவிடச் சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அறிவழகனும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். கெட்டவராகத் தெரியவில்லை. நான் காபி டம்ளர்களோடு நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா ராமாத்தாள் பெட்டியின் பின்பக்கம் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை. அப்பா வேகமாகப் பின்னால் போனார், எல்லோரும் போனோம். ராமாத்தாள் இடது கதவில் முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போகலீங்களே சம்பந்தி. இது என்னங்க, வெறும் கதவுல பொட்டு?"

"சாமிக்கு வெச்சதுங்க" என்றார் அப்பா.

"சாமிக்குன்னா வண்டிக்கு முன்னாடிதானுங்களே வெப்பாங்க? அந்தக் கதவுல நம்ம புள்ள பேருக்கு அடியில ஒண்ணு. இந்தக் கதவுல இங்க ஒண்ணு. மேல புதுசா வெள்ளை அடிச்சிருக்குது. இங்க ஒரு பேர் இருந்துச்சுங்களா?"

வேப்பமரத்தில் காக்கை கத்தியது. அப்பா பெட்டியைப் பார்த்தார். அதில் அவர் முகமே தெரிந்தது.

"மூத்தவ ஒருத்தி இருந்தாளுங்க" என்றார். "தவறிட்டா."

ராமாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். "எப்படிங்க?"

"காய்ச்சலுங்க. சேலத்துக்குக் கொண்டு போனோம். காப்பாத்த முடியல."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். காய்ச்சல், சேலம் எல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

ராமாத்தாள் அம்மாவின் கையைப் பிடித்தார். "அப்படிங்களா அக்கா?"

அம்மா அப்பாவைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. டம்ளர் என் விரலைச் சுட்டது.

"ஆமாங்க" என்றது அம்மா.

ராமாத்தாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜமான அழுகை. "இத எதுக்குங்க மறைச்சீங்க? பெத்த வவுறு மறக்குமா, அதான் கை தன்னால போயிருக்குது. எத்தன தொடச்சும் போகல பாத்தீங்களா? கல்யாணம் ஆகாமப் போன புள்ள கன்னித் தெய்வமுங்க. அதுக்குச் சேலை வெச்சுக் கும்பிடாம இவ கழுத்துல தாலி ஏறக்கூடாதுங்க. வார வெள்ளிக்கெழம நாங்களே வாரோம். ஒண்ணாக் கும்பிடுவோம்."

சின்னுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்துக் கும்பிட்டார். அறிவழகனும் கும்பிட்டார். அப்பாவும் கும்பிட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். "அந்தப் புள்ள எந்த அறையில இருந்துச்சு?" என்று ராமாத்தாள் கேட்டார். அப்பா பின்னறையைக் காட்டினார். அம்மா கழுவி வைத்திருந்த அறை. தொட்டில் கம்பை அதற்கு முன்பே நான் பரணில் ஏற்றியிருந்தேன்.

பச்சைச் சேலை. அக்காவுக்குப் பச்சை என்றால் உயிர். வளையல் கேட்டார்கள். அம்மா அடுப்படிக்குப் போய், அரிசி டிரம்முக்குள் கையை விட்டு எடுத்து வந்தது. வளையல்களில் அரிசித் தூசி ஒட்டியிருந்தது. வாழை இலையில் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி, கச்சாயப் பலகாரம் எல்லாம் வைத்துச் சூடம் காட்டினார்கள்.

"பெத்தவதான் பேர் சொல்லிக் கூப்புடோணும்" என்றார் ராமாத்தாள். "கூப்புடுங்க அக்கா."

அம்மா இலையிலிருந்த வளையலை நகர்த்தி வைத்தது. அப்பா கனைத்தார்.

"பிரவீனா" என்றது அம்மா. "வந்து வாங்கிக்க சாமி."

அந்த வீட்டில் அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னது, அவள் போன பிறகு அன்றுதான்.

படைத்த சேலையைக் கல்யாணமாகாத பெண் உடுத்த வேண்டும். நான் உடுத்தினேன். வளையலும் போட்டுவிட்டார்கள். ராமாத்தாள் என் கன்னத்தை வழித்து, "அக்கா சந்தோசமா ஏத்துக்கிட்டா சாமி" என்றார். போகும்போது பெட்டியின் இடது கதவில், அந்த வட்டத்தின் மேலேயே புதிதாக ஒரு பொட்டு வைத்தார். இனித் தங்கள் வண்டிக்கு இந்தக் கன்னித் தெய்வம்தான் காவல் என்றார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

அவர்கள் போனபின் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தது.

"அவளுக்கு மாசம் நெருங்குதுங்க. பாக்கலாம்னு சொன்னீங்க."

அப்பா நிமிரவில்லை. "செத்தவளுக்கு எப்படிடி பிரசவம் பாக்கறது? சம்பந்தி ஊட்டுல என்னன்னு சொல்றது?"

அம்மா கரண்டியை எடுத்தது. பிறகு ரசம் ஊற்றியது.

மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போன் அடித்தபோது அம்மா எடுக்கவில்லை. என்னிடம் நீட்டிவிட்டுச் சாணி அள்ளப் போய்விட்டது.

"ஏண்டி தனா, அம்மா எங்க? எப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சு?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "படி ஏற முடியல. இவரு வேற ஷிப்டுக்குப் போயிடறாரு."

"அம்மா வேலையா இருக்குது."

"உங்க ஊட்டுல நேத்து விசேசமாமா? ஊர்லருந்து ஒருத்தங்க சொன்னாங்க. மாப்பிள்ள வந்தாரா? என்ன சேலை கட்டுன?"

"பச்சை."

"என்னோட கலரு" என்று சிரித்தாள். "எடுத்து வைடி. பிரசவத்துக்கு வாரப்ப நான் ஒருநாள் கட்டிக்கறேன்."

என் கையில் வளையல் இருந்தது. போனில் அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று அசையாமல் நின்றேன்.