தராசுக்காரரின் முழங்கால்

பம்பரம் வாங்கிய முதல் உதை தராசுக்காரரின் இடது கணுக்காலில் வீங்கியது. லீக் ஆட்டத்தின் பதினோராவது நிமிடம் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. வீக்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் குறிப்பேட்டை எழுதியவரே தராசுக்காரர்தான். பம்பரம் என்பவன் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் இளைய மகன், பதினேழு வயது. பந்தோடு சுழன்று ஆளைத் தாண்டுவதால் வந்த பெயர். தராசுக்காரர் வாரநாட்களில் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர். உதைத்தவர் எதிரணித் தடுப்பாளர், மெத்தைக்கடைக்காரர். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதில் அவ்வளவு மென்மையான கை ஊரில் இன்னொன்று கிடையாது. கால் மட்டும் வேறு யாருடையதோ. உதைத்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. பம்பரம் விழுந்தான், எழுந்தான், காலைத் தடவிப் பார்த்தான், ஒன்றுமே இல்லை. விசில் ஊதாமல் "ஆடு, ஆடு" என்று கையைக் காட்டிக்கொண்டு ஓடிய தராசுக்காரர்தான் நாலாவது எட்டில் நொண்டினார்.

அதுவரை அவருடைய கொள்கை, விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்பது. ஐந்து கிராம் குறைந்த எடைக்கல்லை மன்னிக்காதவர், முழங்காலை நோக்கி வந்த பூட்ஸை மன்னித்துவிடுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் இதே மெத்தைக்கடைக்காரர் பம்பரத்தின் அண்ணனை உதைத்தபோதும், இரண்டு கையையும் விரித்து "ஆடு, ஆடு" என்றுதான் சொன்னார். பந்து அண்ணனின் அணியிடமே இருந்தது, ஆட்டத்தை நிறுத்தினால் அவர்களுக்குத்தான் பாதகம் என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். விதிப்புத்தகப்படி விளக்கம் சரி. முழங்கால் விதிப்புத்தகம் படித்திருக்கவில்லை. அண்ணன் தம்பியைவிட நன்றாக ஆடியவன் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். இப்போது அவன் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர். வளையாத வலது காலோடு தினம் இருபத்திரண்டு படி ஏறித் தன் அறைக்குப் போகிறான். கால்பந்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பம்பரம் உதை வாங்கிய அந்த ஆட்டத்தின் இடைவேளையில் தராசுக்காரர் காலுறையைக் கழற்றியபோது ஐந்து உதைகள் ஐந்து இடத்தில், பூட்ஸின் அடிக்குமிழ்த் தடத்தோடு இருந்தன. அடுத்த வாரம் நடுவராக வந்த வங்கிக் காசாளர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நடு மைதானத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் வந்தவர் கணக்கு வாத்தியார், மூளைக்காரர். உதை வருகிற நேரம் பார்த்து விசிலைக் கோட்டு நடுவரின் கையில் திணித்துவிட்டார். விசில் யார் கையில் இருக்கிறதோ அவர் காலுக்குத்தான் வலி போகும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் கோட்டு நடுவர் இன்றுவரை கணக்கு வாத்தியாரோடு பேசுவதில்லை. பம்பரத்தின் அணி ஆடுகிற ஞாயிறுகளுக்கெல்லாம் நடுவர் சங்கத்தில் விடுப்புக் கடிதங்கள் குவிந்தன. ஒருவர் மூன்று வாரத்தில் இரண்டு மாமனாரைப் பறிகொடுத்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட பம்பரத்தின் அம்மா, தையல் மெஷினை நிறுத்தாமலே, "ஒம்பது வருஷம் லேட்டு" என்று மட்டும் சொன்னாள்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். சங்கம் கூடியது. உதை விழுவதற்கு முன்பே ஊதிவிட்டால் வலி வருவதில்லை, விழுந்த பிறகு மஞ்சள் அட்டை காட்டினால் பாதி குறைகிறது, சிவப்பு காட்டினால் வீக்கம் சாயங்காலத்துக்குள் வடிகிறது என்று அனுபவஸ்தர்கள் எடுத்துச் சொன்னார்கள். உடனே ஒருமனதாகத் தீர்மானம்: திறமையான ஆட்டக்காரனைப் பாதுகாப்பது நடுவரின் புனிதக் கடமை. அதை ஒட்டி ஒரு கருத்தரங்கும் நடந்தது. பேச்சாளர்கள் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பேசினார்கள். "கலையைக் காக்கும் கனவான்கள்" என்று பத்திரிகையில் படம் வந்தது, இடுப்புக்கு மேல் மட்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற கணக்காக, மெத்தைக்கடைக்காரர் பத்தடி தள்ளி வரும்போதே விசில் வந்தது. முறைத்ததற்கு மஞ்சள், மூச்சிரைத்ததற்குச் சிவப்பு. ஒருத்தர் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த பாவத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார். பம்பரத்தின் அணியில் மற்றப் பத்துப் பேர் பழையபடி உதை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வலி அவர்களிடமே தங்கிவிட்டதால் அதைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

இப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றியே பையனின் ஆட்டத்தைக் கொன்றார்கள். ஆளைத் தாண்டுவதுதான் அவன் வித்தை. தாண்டுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா? அவன் பந்தோடு வந்தால் எதிரணி மொத்தமும் மேலதிகாரிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றது. நடந்தே போய்க் கோல் போட்டான், ஒரே ஆட்டத்தில் ஒன்பது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், ஐஸ் விற்றவர் வேறு மைதானம் தேடிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவனுக்கே சுழல்வது மறக்கத் தொடங்கியது. இந்த நிலைமையில்தான், பெரிய கிளப்பின் தேர்வாளர் பருவத்தின் கடைசி ஞாயிறன்று ஆட்டம் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அடுத்த மாதம் பம்பரத்துக்குப் பதினெட்டு முடிகிறது, அதற்கு மேல் இளைஞர் அணியில் எடுக்க மாட்டார்கள். இந்த ஒரு ஆட்டத்தை விட்டால் பஸ் நிலையத்தில் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலிதான். அன்றைக்கு நடுவர், விடுப்புக் கடிதம் எழுத ஒரு நாள் பிந்திவிட்ட தராசுக்காரர்.

பம்பரம் அவரை ஓர் இரும்புக்கடையில் பிடித்தான். அவர் ஆணி நிறுக்கிற தராசின் முன்னால் குந்தியிருந்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை மட்டும் ஊதாதீங்க. அவங்க கிட்ட வரட்டும்."

"ஊதலன்னா என் காலு என்னாகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். எனக்கு வலிச்சா நானே தாங்கிப்பேன். எனக்கு வர மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?"

தராசுக்காரர் எடைக்கல்லைத் தட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "உங்க அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவானா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான் சார். அதான் வீட்ல கஷ்டமா இருக்கு."

கடைக்காரர் பிறகு சொன்னது: அன்று தராசு இரண்டு கிராம் பிசகியிருந்தும் சார் பேசாமல் முத்திரை குத்திவிட்டுப் போனார், சர்வீஸில் முதல் தடவை.

ஞாயிறன்று அவர் காலுக்கு இரண்டு ஷின் பேட் கட்டி, மேலே மடித்த செய்தித்தாள் சுற்றி, இரண்டு காலுறை போட்டு வந்தார். மெத்தைக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் பத்தடி தள்ளி நின்று விசிலுக்குக் காத்திருந்தார். விசில் வரவில்லை. சந்தேகத்தோடு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார், அப்புறம் உதைத்தார். தராசுக்காரர் பல்லைக் கடித்தார், பம்பரம் சுழன்றான். மைதானம் விழித்துக்கொண்டது. ஒருவரை, இருவரை, மூவரைத் தாண்டினான். தேர்வாளர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். அன்று தராசுக்காரர் மற்றப் பத்துப் பேருக்கு விழுந்த உதைக்கெல்லாம் ஒன்று விடாமல் ஊதினார் என்பதையும் சொல்லவேண்டும்; எந்த உதை எவ்வளவு எடை என்று இப்போது அவர் காலுக்கே தெரிந்திருந்தது. இரண்டாம் பாதியில் அவர் ஒற்றைக் காலில்தான் தீர்ப்புச் சொன்னார். எண்பத்து மூன்றாம் நிமிடம், அணிக்கு ஒரு கோல். பம்பரம் கடைசி ஆளையும் தாண்டுகிறான், எதிரே கோல்கீப்பர் மட்டும். பக்கவாட்டிலிருந்து மெத்தைக்கடைக்காரரின் பூட்ஸ் முழங்கால் உயரத்தில் வருகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த அதே இடம், அதே கோணம். விசில் தராசுக்காரரின் வாயில்தான் இருந்தது. அதைக் கைக்குள் துப்பிவிட்டு இரண்டு கையையும் விரித்து, "ஆடு, ஆடு" என்றார். முறிந்த சத்தம் மைதானத்தின் நடுவிலிருந்து கேட்டது. பந்து வலைக்குள் போனதும் படுத்தபடியே ஊதினார், படுத்தபடியே சிவப்பு அட்டையும் காட்டினார்.

அந்த வீக்கம் வடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இது இன்றைக்கு முறிந்ததில்லை, ஒன்பது வருஷப் பழசு, தப்பாகக் கூடியிருக்கிறது, இனி வளையாது என்றார். அண்ணனின் கால் அதனால் வளைந்துவிடவில்லை. அப்படியெல்லாம் நடக்க இதென்ன கதையா. மெத்தைக்கடைக்காரர் முழங்காலுக்கு அடியில் வைக்க நல்ல பஞ்சுத் தலையணை ஒன்று அனுப்பிவைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் தராசுக்காரர் ஊன்றுகோலோடு மருத்துவமனையின் மாடிப்படி உச்சியில் நின்று, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் முழித்தார். கீழேயிருந்து அண்ணன் ஏறி வந்தான்.

"இறங்கும்போது கெட்ட கால் முதல்ல சார். ஏறும்போது நல்ல கால்."

"யாருப்பா சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"யாரும் சொல்லல. விழுந்து விழுந்து கத்துக்கிட்டேன்."

தராசுக்காரர் அழுதார். வலி தாங்காமல் என்று நினைத்து நர்ஸ் மாத்திரை எடுக்கப் போனாள். அண்ணன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான், இருவரும் கெட்ட காலை முதலில் வைத்து இறங்கினார்கள்.

பம்பரம் பெரிய கிளப்பில் ஆடுகிறான். அங்கே நடுவர்களுக்குச் சீருடையோடு மூன்று ஜோடி ஷின் பேட் தருகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஞாயிறுதோறும் தராசுக்காரர் இருபத்திரண்டு படி ஏறி நேரக்காப்பாளர் அறைக்கு வந்துவிடுவார். அங்கே சின்ன டி.வி. ஒன்று இருக்கிறது. போன வாரம் பம்பரத்தை ஒருத்தன் பின்னாலிருந்து சாய்த்தான். பையன் எழுந்து ஓடினான்; புது நடுவர் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மோசடி நடந்துவிட்டதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஊதியிருக்கலாம்ல?" என்றார் தராசுக்காரர்.

"புதுசு சார்," என்றான் அண்ணன், மூன்றே கால் பஸ்ஸின் வருகையை எழுதிக்கொண்டே. "கத்துக்குவாரு."