எண்பத்தைந்து கிலோ குழந்தை

சலவைத் தொழிற்சாலையில் ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி சரிந்தபோது, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் ஓடிப்போய் வலது தோளைக் கொடுத்துத் தாங்கினாள். தோளுக்குள் தசைநார் கிழிந்தது. அப்புறம் தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது: காயம் வேலையில் ஏற்பட்டதல்ல, வீட்டில் குழந்தையைத் தூக்கிச் சுமந்ததால் ஏற்பட்டது. மனு தள்ளுபடி.

அவளுக்கு ஒரே குழந்தை. வயது இருபத்திரண்டு. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். லாரி ஓட்டுகிறான்.

"மேலிடமே சொல்லிட்டாங்க. இனிமே அலைஞ்சா செருப்புதான் தேயும்" என்று அவள் கணவர் கடிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் கணவரின் தங்கை வந்தாள். தையல்காரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாயாடி'. விஷயத்தையும் அண்ணன் சொன்னதையும் கேட்டதும் கடிதத்தை எடுக்கவைத்து, முன்பக்கம் படித்துச் சிரித்தாள். பின்பக்கம் படித்ததும் சிரிப்பு நின்றது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: உத்தரவு கைக்குக் கிடைத்த முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"அண்ணி, இது என்னிக்கு வந்துச்சு?"

காலண்டரில் விரல் வைத்து எண்ணினார்கள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்கள்.

"இன்னிக்குத்தான் முப்பது! கிளம்புங்க!"

"இந்தப் புடவையிலயா?"

"புடவையா அப்பீல் பண்ணப்போகுது?"

ஸ்கூட்டர் பறந்தது. அலுவலகத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி. இரண்டாவது மாடியில் வாயாடியின் செருப்பு அறுந்தது. "அண்ணா வாய் பலிச்சிடுச்சு" என்று அவள் சொல்ல, இருவரும் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார்கள். மேலே போனபோது மணி ஐந்தாக நாலு நிமிஷம். குமாஸ்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கு வந்தா முப்பத்தொண்ணு சார்!"

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். மேல்முறையீட்டுக்கான காரணம் என்ற இடத்தில் இடதுகையால் கோணல்மாணலாக எழுதினாள்: 'என் குழந்தையை நான் தூக்குவதில்லை. தூக்கினால் நசுங்கிவிடுவேன்.'

குமாஸ்தா படித்தார். மீசை துடித்தது. தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

இரண்டு மாதத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவி. நிறுவனத்து வக்கீல் இடுப்பில் கைவைத்து எழுந்தார். "கைக்குழந்தையைச் சுமந்துக்கிட்டே இருந்தா தோள் போகத்தானே செய்யும்?"

"குழந்தை வெளியில நிக்குதுங்க. கூப்பிடட்டுமா?" என்றாள் அவள்.

மகன் தலையைக் குனிந்து வாசலில் நுழைந்தான். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"தம்பி எடை எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு கிலோ மேடம். சாப்பிட்டிருந்தா எண்பத்தாறு."

அறையே குலுங்கியது. வக்கீல் காகிதங்களுக்குள் முகத்தைப் புதைத்தார். சிரிப்பு அடங்கியதும் தலைவி மருத்துவர் சீட்டைத் தேடி எடுத்தார். அதில் 'ஒரு குழந்தை உண்டு' என்று மட்டும்தான் இருந்தது. மிச்சமெல்லாம் முதல் உத்தரவு போட்ட அதிகாரியின் கற்பனை. தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் பெண் சாட்சியாக எழுந்து, வண்டி சரிந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். பழைய உத்தரவு ரத்து. அறுவைச் சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் நிறுவனம் தரவேண்டும்.

வெளியே வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. எதிரே டீக்கடை பெஞ்சில் அவள், மகன், கூடவே வந்திருந்த கணவர், வாயாடி என நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நான்தான் அவசரப்பட்டுப் பூட்டிட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"சாவியை இனிமே அண்ணிகிட்ட குடுங்க" என்ற வாயாடி, டம்ளரை வைத்துவிட்டு வக்கீல் மாதிரியே இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள்.

"ஐயோ, சும்மா இருடி! சிரிச்சா தோள் வலிக்குது" என்று கெஞ்சினாள் அவள், சிரித்துக்கொண்டே.