பன்னத்துக்குள் வளர்ந்தவை

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், தோணா என்னும் கடற்கழியின் கரையில் ஒரு பெண் முளையடித்து வெள்ளைக் கயிறு கட்டுவதை ஹாஜறா கண்டாள். நண்டு பிடிக்கும் கூடுகளோடு அப்படியே நின்றுவிட்டாள். சுனாமிக்குப் பிறகும் இப்படித்தான் அளந்தார்கள். அளந்து முடிய, கடலோரத்தில் குடியிருக்கக் கூடாதென்று அவளுடைய வீட்டு வளவையும் எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவள் கிருசிகா, காரைதீவுக்காரி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். கண்டல் மரங்கள் அழிந்த சேற்றில் ஆளுயரத்துக்குப் பரவிக்கிடந்த பன்னம் என்ற பெரணிப் புதரோடு சேர்ந்து வேறென்ன வளருகிறது என்று பார்க்க வந்தாளாம்.

"பூண்டு எண்ணவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"படிப்புக்கு ராத்தா."

ஹாஜறா நம்பவில்லை. அன்று பின்நேரமே முளைகளைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். மறுநாள், "மாடு இழுத்துப்போட்டுது போல" என்று கிருசிகா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஹாஜறாவுக்குப் பிடிபடவில்லை. இவளைத் தனியே விடக்கூடாதென்று, "வழி நான் காட்டுறன்" என்றாள்.

மூன்று நாள் கூடவே நடந்தாள். வெறும் பன்னம் நின்ற பக்கமாகவே கூட்டிப்போனாள். தெற்கு மூலையில் பன்னத்தின் நிழலில் கண்டலும் தில்லையும் கன்றுகளாக எழும்பியிருந்தன. நண்டு கிடைப்பதும் அங்கேதான்.

"அங்கால என்ன ராத்தா?"

"ஒண்டுமில்ல. இடுப்பளவு தாழும். பாம்பும் கிடக்கு."

கிருசிகா அதையும் எழுதிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து மண் வழிக்கும் பெக்கோ இயந்திரம் வந்தது. கண்டல் நடும் திட்டத்தின் மேற்பார்வையாளர் ஸலாஹுதீன் சொன்னார்: "கிருசிகாட அறிக்கைப்படி பன்னத்துக்குள்ள ஒரு கண்டலும் இல்லையாம். வழிச்செடுத்துப்போட்டுப் புதுசா நடப்போறம்."

ஹாஜறா கூடுகளைப் போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்தெழும்பித் தெற்கு மூலைக்கு ஓடினாள். பாதிக்கு மேல் வழித்தாயிற்று. மிச்சத்தில் பன்னத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "இரிக்கி! இஞ்ச வந்து பாருங்க!" என்று கத்தினாள். ஸலாஹுதீன் பெக்கோவை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிருசிகாவுக்குப் போன் எடுத்தார்.

அவள் வந்து குந்தியிருந்து ஒவ்வொரு கன்றாகத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

"ஏன் ராத்தா மறைச்சீங்க?"

"காணி பிடிக்க வந்தீங்க எண்டு நினைச்சன்."

கிருசிகா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லதென்று ஹாஜறாவுக்குத் தோன்றியது. அந்த மூலையைத் தொடவேண்டாமென்று ஸலாஹுதீனிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தபின், கிருசிகா கொப்பியைத் திறந்தாள்.

"அறிக்கையத் திருத்தோணும். இடத்தைக் காட்டினது நீங்க எண்டு போடுறன். பேர் சொல்லுங்க."

ஹாஜறா பேரைச் சொன்னாள். வளவை எடுத்தவர்களைப் போலவே வாப்பாவின் பேரையும் வீட்டு இலக்கத்தையும் கேட்டபோது, கூடுகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.