கீழ்த்தட்டுப் பட்டாணி

தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் சும்மா இருந்தால் ஆபத்து வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். வேலையை விட்டு வந்த கொஞ்ச நாளிலேயே ஓட்டுநர் எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டாயிற்று, மாடிப்படிக்குப் பிடிகயிறு கட்டியாயிற்று, அடுப்புக் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாயிற்று. இனி என்ன செய்வது என்று கை பரபரத்துக்கொண்டிருந்தபோது, இந்த வருடம் மழை கடுமையாக இருக்கும் என்று வானொலி சொன்னது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாலத்தை மூடிட்டா கடைகண்ணி கிடையாது. டின் சாப்பாடு வாங்கி அடுக்கிடணும்," என்றார்.

"அடுக்கலாம். நமக்குப் பிடிச்சதா வாங்குவோம்," என்றாள் மனைவி.

"அங்கதான் தப்பு பண்றே. பிடிக்காததா வாங்கணும்."

மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒருமுறை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிவிட்டது.

ஓட்டுநரின் கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் வேலை பார்த்த நிலையத்தில் அவசரத்துக்கென்று ஓர் அலமாரி இருந்தது. கிரீம் பிஸ்கெட், முந்திரி, பழப்பாகு என்று நல்ல நல்ல பண்டமாக வாங்கி வைப்பார்கள். ஒருமுறை மரக்கிடங்குத் தீயோடு மல்லுக்கட்டிவிட்டுக் கொலைப்பசியோடு திரும்பிய ஆட்கள் அலமாரியைத் திறந்தால், உள்ளே வெறும் காகித உறைகள். அவசரம் எதுவும் வராத நாட்களில் எல்லாருக்கும் அவசரமாகப் பசித்திருக்கிறது. அன்றிலிருந்து அலமாரிக்குச் சாமான் வாங்கும் பொறுப்பை ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். ஒருவர் வாயிலும் வைக்கமுடியாததாகத் தேடித் தேடி வாங்கினார். அதற்குப் பிறகு அந்த அலமாரி காலியானதே இல்லை. காலாவதியாகித்தான் டின்கள் வெளியே போயின.

அந்தச் சமயம் மகள் பிறந்த வீட்டில்தான் இருந்தாள். நான்காவது மாதம். எதைத் தின்றாலும் குமட்டல். அவள் கணவன் ரொட்டி சுடுபவன். தங்கமான பையன், ஆனால் அவன் சட்டையிலிருந்து வீசும் வெண்ணெய் வாசனைக்கே அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பாவம், இரண்டு முறை குளித்துப் பார்த்தான், தலைக்கு எலுமிச்சை தேய்த்துப் பார்த்தான். கடைசியில் தானே பெட்டி கட்டி அவளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் வந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கையாட்டிவிட்டுப் போனான். அவள் வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: குளிர்பெட்டியில் வைத்த தர்பூசணி. "இன்னும் எடை குறைஞ்சா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஆக, கடைக்குப் போனபோது கணவன் மனைவி இருவர் மனத்திலும் இருந்தது மகள்தான். வழிதான் வேறு.

ஓட்டுநர் ஒவ்வொரு டின்னையும் எடுத்துத் தலை, அடி, விளிம்பு என்று தடவிப் பார்த்தார். நசுங்கியது வேண்டாம், துருப்பிடித்தது வேண்டாம், உப்பியதைத் தொடவே வேண்டாம். இதில் தேறியவற்றிலிருந்து மறுபடியும் நல்லதாகப் பொறுக்கினார். மனைவி அன்னாசி வளைய டின்களை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டாள்.

"குளிர்ச்சியா, சாறோட இருக்கும். அவ வயித்துல நின்னாலும் நிக்கும்," என்றாள்.

"இது ஒரு வாரம் தாங்காது," என்று ஓட்டுநர் அதை எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தார்.

"ஏன் தாங்காது? அவளுக்கு வாந்தி, எனக்குச் சர்க்கரை. மிச்சம் யாரு இருக்கா வீட்டுல?"

ஓட்டுநர் சட்டென்று ஒரு மீன் டின்னின் காலாவதித் தேதியைக் கண்ணும் கருத்துமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அவர் பொறுக்கியதெல்லாம் அவர் கொள்கைப்படியே இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய சிவப்பு பீன்ஸ், தக்காளிச் சாற்றில் மீன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சைப் பட்டாணி. டின்னுக்குள் கிடந்து கிடந்து பச்சை நிறத்தையே மறந்துபோன பட்டாணி. அதில் மட்டும் ஒரு பெட்டி நிறைய எடுத்தார்.

"பட்டாணியா? உங்க பொண்ணுக்கா?" மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மறந்துட்டீங்களா?"

மறப்பாரா? மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தட்டில் போட்ட பட்டாணியை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், வாசலில் இருக்கும் அப்பாவின் பூட்ஸுக்குள் ஒளித்து வைப்பாள். பக்கத்து நிலையத்தில் மணி அடித்ததும் அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பறப்பார். ஊரே தீயைப் பார்த்துப் பதறும்போது அவருடைய கால்விரல்களுக்கிடையே பட்டாணி நசுங்கிக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்திக் கழற்றவா முடியும்?

"அதனாலதான் வாங்கறேன். இந்த வீட்டுல யாரும் தொடமாட்டாங்க," என்றார் பெருமையாக.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. மூலையறை அலமாரியின் மேல்தட்டு மனைவிக்கு, கீழ்த்தட்டு அவருக்கு.

மழை வந்தது. சொன்னதைவிட நாலு மடங்காக வந்தது. முதல் நாள் சாயங்காலமே பாலத்தை மூடிவிட்டார்கள், மின்சாரமும் போயிற்று. வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் பயம் இல்லை. ஆனால் குளிர்பெட்டி அணைந்ததும் தர்பூசணி வெதுவெதுப்பானது, மறுநாள் காலையில் சாப்பிட்ட இரண்டு துண்டும் அப்படியே வெளியே வந்தது. மகள் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது. பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னாசி இருக்கே!" என்று மனைவி எழுந்து ஓடினாள்.

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போயிற்று.

மேல்தட்டில் அன்னாசி டின்கள் வரிசை மாறாமல் அழகாக நின்றன. மனைவி ஒன்றை எடுத்தாள். கை தானாக மேலே போயிற்று, அவ்வளவு லேசு. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் வட்டமாகத் திறந்து, சுத்தமாகக் கழுவி, துடைத்து, காயவைத்து, பழையபடி அடுக்கியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"எறும்பு வரக்கூடாதுன்னு கழுவினேன்," என்றார் ஓட்டுநர்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நெருப்புக்குள் போனபோது வராத பயம், அந்தக் காலி டின்களைப் பார்த்தபோது வந்தது. குழந்தைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அதன் வாய்க்குப் போகவேண்டியதை நின்றுகொண்டே தின்றிருக்கிறோமே என்று நினைத்தார்.

கீழ்த்தட்டுக்கு வந்தார்கள். மீன் டின்னைத் திறந்ததுமே மகள் கொல்லைப்பக்கம் ஓடினாள். பீன்ஸைக் கழுவிக் கொடுத்ததில் மூன்று விதை உள்ளே போயின, மூன்றும் திரும்பி வந்தன. ஓட்டுநர் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற என்னப்பா இருக்கு?" மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போய்ப் படு."

"அந்தப் பெட்டியில?"

"அது உனக்கு ஆகாதும்மா. பட்டாணி."

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். "திறங்க," என்றாள்.

அவர் திறந்தார். ஒரு வாசனையும் இல்லை. அடுப்பு இல்லை, ஆவி இல்லை. மூலையறைக் குளிர்ச்சி டின்னில் அப்படியே இருந்தது. அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். பெற்றவர்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தார்கள். அம்மா கையில் வாளி தயாராக இருந்தது.

"இப்படி முறைச்சுப் பாத்தா எப்படித் திங்கறது?" என்றாள் மகள்.

இருவரும் அவசர அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரசித்தார்கள். பின்னால் கரண்டி டின்னில் உரசும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. பிறகு அவள் உப்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடிக்கும் சத்தம். வாளிக்கு வேலை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு இருக்கா?" என்ற குரல் வந்தபோது ஓட்டுநரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இருக்காவா? ஒரு பெட்டி இருக்கு! யாருக்கும் பிடிக்காதுன்னு பாத்துப் பாத்து வாங்கினது!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை.

"ஆமா, பெரிய சாதனை. அன்னாசித் திருடன்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

மழை விடும்வரை மகள் காலை, மதியம், சாயங்காலம் பட்டாணியே தின்றாள். கன்னத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. வம்பு பேசவும் தொடங்கினாள். அப்பா அன்னாசி தின்ற அழகை நடித்துக் காட்டினாள், டின்னைத் துடைக்கும் கட்டத்தில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாலம் திறந்த காலையில் ரொட்டிக்காரப் பையன் போன் செய்தான்.

"மாமா, நான் பாலத்துக்கிட்ட நிக்கறேன். மூணு தடவை குளிச்சிருக்கேன். வரலாமா?"

ஓட்டுநர் போனை மகளிடம் நீட்டினார். அவள் யோசித்தாள். "வரச் சொல்லுங்க. வாசல் வரைக்கும்," என்றாள்.

மாப்பிள்ளையை அழைத்துவரத் தெருச் சேற்றில் இறங்கவேண்டும். ஓட்டுநர் வாசலில் கிடந்த பழைய பூட்ஸை எடுத்து அவசரமாகக் காலை நுழைத்தார். விரலுக்கடியில் ஏதோ உருண்டையாக, மெத்தென்று நசுங்கியது.

அவர் அப்படியே நின்றார். வீட்டுக்குள் மூச்சுச் சத்தமே இல்லை. பிறகு அடக்கமுடியாமல் மகள் வெடித்துச் சிரிப்பது கேட்டது, சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த அதே சிரிப்பு.

அவர் பூட்ஸைக் கழற்றவில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டாணியோடு பாலம்வரை நடந்துபோனார்.