நாரைக்கு வைத்த படையல்

கோட்டை அகழிக்கரை மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு வசந்தத்திலும் அடைகாத்தது செத்துப்போன நாரைதான். அதனால்தான் அங்கே ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. இது ஊரறிந்த விஷயம். நுழைவாயிலில் சீட்டு கிழிப்பவர்கூட, நாரைக் கூண்டில் மூன்று பறவைகள், அதில் ஒன்று காலமாகிவிட்டது என்று சொல்லித்தான் குழந்தைகளை உள்ளே அனுப்புவார்.

உயிரோடு இருந்தபோது அது அந்தச் சதுப்பின் கடைசிக் காட்டு நாரை. வயலுக்குத் தெளித்த மருந்து அயிரை மீன்களைக் கொன்றது. மீனைத் தின்ற நாரைகளையும் விட்டுவைக்கவில்லை. மிஞ்சிய ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று வலை போட்டுப் பிடித்துவந்தார்கள். கம்பியில் மோதிச் சாகக் கூடாதே என்று, அப்போதுதான் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருந்த குவாபரா சுமியே என்ற பெண் அதன் ஒரு பக்கச் சிறகின் கறுப்பு இறகுகளைக் கத்தரித்தாள். உதிர்ந்து மறுபடி முளைக்கும் என்பது கணக்கு. முளைப்பதற்குள் நாரை செத்தது. வெட்டிய இறகுகளை எறிய மனம் வராமல் ஒரு தேயிலை டப்பாவில் போட்டு வைத்தாள்.

பிறகு கடலுக்கு அப்பாலிருந்து ஒரு ஜோடி வந்தது. பெட்டை முட்டையிட்டு இரை தின்ன இறங்கியதும், பழைய நாரை சாய்ந்த கட்டை வழியாக நடந்தே ஏறிக் கூட்டில் ஆசையோடு உட்காரும். செத்த உடம்பில் சூடு ஏது? சுமியே தொட்டுப் பார்க்கும்போது முட்டை கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டிருக்கும். நாரையைத் துரத்தவும் அவளுக்கு மனமில்லை.

இலையுதிர்காலத்தில், இறந்த விலங்குகளுக்குத் திதி கொடுப்பது அங்கே வழக்கம். துறவி மந்திரம் ஓத, நினைவுக்கல்லின் முன் அததற்குப் பிடித்ததைப் படைப்பார்கள். சுமியே தவறாமல் அயிரை வைப்பாள். நாரை வந்து மீனைப் பார்க்கும்; பிறகு கூட்டத்தின் நடுவே கூண்டுக்கே திரும்பி நடக்கும்.

"சுமியே சான், அடுத்த வசந்தத்துலயும் கூமுட்டைதான்னா ஜோடிய வேற ஊருக்கு அனுப்ப மேலிடத்துல சொல்லிட்டாங்க," என்றார் இயக்குநர் நிஷிகாகி. "அந்தச் செத்த நாரைப் பெரியம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. போற வழியப் பாக்கட்டும்."

"போகத்தான் பாக்குதுங்க. பறக்க முடியாம நடந்துகிட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது சுமியேவுக்கே உறைத்தது. இறகு கேட்டு வந்ததற்கு இத்தனை காலமும் மீனைக் காட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. இறகைக் கொடுத்தால் அது போய்விடும் என்பதும் தெரிந்தது.

அந்த ஆண்டுத் திதியில் அவள் மீன் வைக்கவில்லை. டப்பாவைத் திறந்து இறகுகளை வரிசையாகப் பரப்பினாள். நாரை வந்து குனிந்து, ஒவ்வொன்றாகக் கொத்தியெடுத்து இறக்கையில் செருகி, நிதானமாகக் கோதிவிட்டுக்கொண்டது. பிறகு கோட்டைக்கு மேலே பறந்துபோனது. துறவி மந்திரத்தை நிறுத்தவில்லை.

வசந்தத்தில் முட்டை கதகதப்பாக இருந்தது. ஒரு குஞ்சு பொரித்தது. அது வளர்ந்து பெரிதாவதற்குள் உழவர்களும் மருந்து தெளிப்பதை விட்டிருந்தார்கள். அதைச் சதுப்பு வயல்களில் திறந்துவிட்ட அன்று வானத்தில் ஒரு நாரை பறந்தது. தண்ணீர் கட்டிய வயல்களில் இரண்டு நிழல்கள் ஓடின.

"ஏம்மா, ஒண்ணுதானே விட்டீங்க?" என்றார் வயல்காரர் யோகோட்டா.

"ஒண்ணுதாங்க. இன்னொண்ணு இந்த ஊருதான். வீட்டுக்கு வந்திருக்கு," என்ற சுமியே தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாப்போச்சு. ரெண்டுமா சேந்து என் நாத்த மிதிக்கப் போவுது."

"நிழல் மிதிக்காதுங்க."

மிதித்தது. மறுநாள் காலையில் இரண்டு வரிசை நாற்று சாய்ந்து கிடந்தது. ஒரு வரிசையில்தான் கால்தடம் இருந்தது. யோகோட்டா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வரிசையையும் நட்டு முடித்தார்.